செவ்வாயில் ஏரி இருந்ததை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: செவ்வாயில் இன்று தரையில் ஒரு குட்டைகூட நிற்காது. மனிதர் யாரும் அங்கே கால் வைத்ததும் இல்லை. அப்படியிருக்க, "இந்த இடத்தில் ஏரி இருந்தது" என்று எதை வைத்து அடித்துச் சொல்கிறார்கள்? காற்றும் எரிமலைக் குழம்பும் இதே மாதிரி வடிவங்களை உண்டாக்காதா? படத்தைப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டார்களா?

ஏமாந்திருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ரோவர், அதாவது தரையில் உருண்டோடும் ஆய்வு வண்டி, குசேவ் என்ற பள்ளத்தில் இறங்கியது. விண்கல் மோதி உண்டான பள்ளம். விட்டம் 160 கி.மீ.க்கு மேல். மஆதிம் வாலிஸ் என்ற பழைய ஆற்றுத்தடம் தெற்கிலிருந்து 700 கி.மீ.க்கும் அதிகமாக வந்து, பள்ளத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. மேலிருந்து எடுத்த படத்தை ஒரு பள்ளிப் பிள்ளையிடம் காட்டினாலும் "ஆறு வந்து ஏரியில் விழுகிறது" என்றுதான் சொல்லும். நாசாவும் அப்படித்தான் நினைத்தது. கல்லாகிப்போன ஏரிச் சேறு கிடைக்கும் என்று போன ரோவரின் காலடியில் கிடந்தது பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கல். ஏரி ஒருகாலத்தில் இருந்தே இருந்தாலும், அதன் மேல் குழம்பு பரவி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஸ்பிரிட் பிறகு பக்கத்துக் குன்றுகளில் ஏறி, தண்ணீர் பட்டு மாறிய கற்களையும் கார்பனேட் என்ற கனிமத்தையும் கண்டுபிடித்தது உண்மைதான். ஆனால் தேடிப்போன ஏரி அதற்குக் கிடைக்கவில்லை.

மேலிருந்து தெரியும் வடிவம் ஒரு துப்பு மட்டும்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது. ஆறு உள்ளே வருகிற, சில இடங்களில் மறுபக்கம் வெளியேறவும் செய்கிற பள்ளங்கள் செவ்வாயில் 200க்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. அத்தனையையும் "ஏரி" என்று எழுதுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தரையில் கல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்த கேல், ஜெசிரோ என்ற இரண்டே பள்ளங்களில்தான் ஏரி என்ற சொல்லைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். மற்றவை நல்ல வேட்பாளர்கள், அவ்வளவே.

ஆறு ஓடியதை நிரூபிப்பது ஒப்பளவில் சுலபம். ஓடுகிற தண்ணீர் அறுக்கும், உருட்டும், தடம் விட்டுப்போகும். நிற்கிற தண்ணீர் கிட்டத்தட்ட எதுவுமே செய்யாது. அது செய்கிற ஒரே பெரிய வேலை, ஆறு சுமந்து வந்ததைக் கீழே போட வைப்பது. வேகமாக ஓடும்போது கூழாங்கல்லையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆறு, வேகம் குறைந்ததும் முதலில் கல்லை விடும், பிறகு மணலை விடும். மாவு போன்ற களித்துகள் மட்டும் கடைசிவரை மிதந்துகொண்டே இருக்கும். தண்ணீர் முழுக்க அசையாமல் நின்றால்தான் அது அடியில் உட்காரும். ஆகவே பாறை படிப்பவர்கள் ஏரியைத் தேடும்போது உண்மையில் தேடுவது, பருத்த துகள் நுண்ணிய துகளாக மாறுகிற இடத்தை. கூழாங்கல், மணற்கல், களிக்கல் என்று வரிசையாக ஒரே திசையில் மாறிக்கொண்டு போனால், அங்கே ஓடிவந்த தண்ணீர் எங்கோ நின்றிருக்கிறது.

கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ரோவர் அந்த வரிசையின் மீதே நடந்து போனது.

அது இறங்கியது 2012 ஆகஸ்டில். பள்ளத்தின் விட்டம் சுமார் 154 கி.மீ.; நடுவில் ஷார்ப் மலை, 5 கி.மீ. உயரம், அடி முதல் உச்சி வரை அடுக்கடுக்கான படிவு. இறங்கிய சில வாரங்களிலேயே, உடைந்து தூக்கிக்கொண்டு நின்ற ஒரு கல் பலகையைக் கண்டார்கள். யாரோ காங்கிரீட் நடைபாதையைப் பெயர்த்துப் போட்டது மாதிரி இருந்தது. ஹோட்டா என்று பெயர் வைத்தார்கள். உள்ளே சிமெண்டில் பதித்ததுபோல உருண்டைக் கூழாங்கற்கள். சில 4 செ.மீ. வரை. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, உருண்டை: கல் உடைந்தால் கூர்முனையோடு இருக்கும், நெடுந்தூரம் ஒன்றோடொன்று உராய்ந்து உருண்டால்தான் முனை மழுங்கும். இரண்டு, அளவு. காற்று மணலைத் தூக்கும், தூசைத் தூக்கும். இந்த அளவுக் கல்லைத் தூக்கி உருட்டாது. கல்லின் அளவை வைத்து, ஓடை கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம், வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் என்று கணக்கிட்டார்கள். நடந்து போகிற வேகம்தான்.

ஓடை இருந்தால் அது எங்கோ போய்ச் சேர வேண்டும். மலை ஒரு பக்கம் இருக்க, ரோவரை எதிர்ப்பக்கம் சில நூறு மீட்டர் தள்ளி இருந்த தாழ்வான இடத்துக்குத் திருப்பினார்கள். அந்தத் தாழ்வின் பெயர் யெல்லோநைஃப் பே. 2013 பிப்ரவரியில் அங்கே ஜான் கிளைன் என்ற கல்லில் துளை போட்டார்கள். வேறொரு கோளில் ஒரு ரோவர் கல்லைத் துளைத்து மாதிரி எடுத்தது அதுவே முதல்முறை. துளையின் அகலம் 1.6 செ.மீ., ஆழம் 6.4 செ.மீ. அந்தப் படம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சுற்றிலும் துருப்பிடித்த சிவப்புத் தரை. துளையைச் சுற்றி குவிந்திருந்த தூளோ சாம்பல் நிறம். செவ்வாயின் சிவப்பு மேல்தோல்தான். கொஞ்சம் உள்ளே போனால் வேறு கிரகம்.

அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை ரோவரின் வயிற்றுக்குள் இருந்த கருவியில் போட்டு எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட் வகைக் களிமண். கல்லின் துகள் கேமராவுக்கே தனித்தனியாகத் தெரியாத அளவு நுண்ணியது. உப்பு குறைவு. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. அந்தத் தண்ணீரை ஒரு மனிதன் குடித்திருக்கலாம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் மிகை என்றாலும் பெரிய தவறில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. "களிமண் கிடைத்தது, ஆகவே ஏரி" என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். அது போதாது. களிமண் மழை ஊறிய மண்ணிலும் உண்டாகும், எரிமலைச் சூட்டில் கொதித்த நிலத்தடி நீரிலும் உண்டாகும், எங்கோ மேட்டில் உண்டாகி ஆற்றோடு அடித்தும் வரலாம். யெல்லோநைஃபில் அது அங்கேயே உண்டானது என்று சொல்லக் காரணம், கணக்கு நேர் ஆகிறது. அருகில் காற்று குவித்த மணலில் ஆலிவின் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. களிக்கல்லில் அது மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் களிமண்ணும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் இருக்கின்றன. ஆலிவின் தண்ணீரில் ஊறிச் சிதைந்தால் கிடைப்பது இவைதான். குறைந்தது எவ்வளவோ, கூடியதும் அதற்கு ஈடாக இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தத் தண்ணீர்? சேறு படிந்தபோது மேலே நின்ற தண்ணீரா, கல்லான பிறகு விரிசல் வழியாக நுழைந்த தண்ணீரா? அதே களிக்கல்லின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. கால்சியம் சல்பேட், ஜிப்சம் குடும்பம். கோடு கல்லை வெட்டிக்கொண்டு போகிறது என்றால், கல் முதலில், கோடு பிறகு. கல்லில் வயது படிப்பதற்கு இதைவிட எளிய விதி கிடையாது. அப்படியென்றால் ஏரி போன பின்பும் நிலத்தடியில் தண்ணீர் நடமாடியிருக்கிறது. ஷார்ப் மலையின் அடியில் பாரம்ப் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு கல்லில் இருந்த ஜாரோசைட் என்ற கனிமத்துக்கு ரோவரே வயது கணித்தபோது சுமார் 212 கோடி ஆண்டு வந்தது. ஏரிக் காலத்துக்கு நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பிந்தியது. ஆப்பர்சுனிட்டி ரோவர் மெரிடியானி சமவெளியில் கண்ட புகழ்பெற்ற ஹேமடைட் (இரும்புக் கனிமம்) உருண்டைகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைத் தண்ணீரின் வேலைதான். அவற்றை ஏரிக்குச் சான்றாகக் காட்டுகிற கட்டுரையைப் பார்த்தால் நான் மேலே படிப்பதில்லை.

இப்போது மலைக்கு வருவோம். இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி.

2014இல் ரோவர் மலையை நோக்கிப் போகும் வழியில் கிம்பர்லி என்ற இடத்தில் மணற்கல் அடுக்குகள் இருந்தன. கிடைமட்டமாக இல்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆறு ஏரிக்குள் நுழையும் வாயில், சுமந்து வந்த மணலைச் சரிவாகக் கொட்டும். லாரியிலிருந்து மணல் சரிவதுபோல, தண்ணீருக்கு அடியில். அந்தச் சரிவு எப்போதும் ஆழம் இருக்கும் பக்கம் பார்த்தே இருக்கும். கிம்பர்லி அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன தெரியுமா? தெற்கே, மலையை நோக்கி. ஒரு மலையை நோக்கித் தண்ணீர் இறங்கி ஓடுமா? ஓடாது. ஆக, அந்த மணல் கொட்டப்பட்ட நாளில் அங்கே மலையே இல்லை. இன்று மலை நிற்கிற இடம்தான் அன்றைக்குப் பள்ளம், ஏரியின் ஆழம்.

பிறகு மலையடிக்குப் போனதும் எதிர்பார்த்ததே கிடைத்தது. முர்ரே படிவம் என்று பெயரிட்ட அடுக்குகள், பெரும்பகுதி நுண்ணிய களிக்கல், ஒவ்வொரு ஏடும் மில்லிமீட்டர் கணக்கில். ஆறு கலங்கி வரும்போது ஒரு ஏடு, தெளிந்தபின் இன்னொரு ஏடு. புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தாள்கள் தெரியுமே, அப்படி. இந்த ஏடுகள் சேர்ந்து 300 மீட்டருக்கும் மேல் தடிமன். ஒரே ஏரி இத்தனை காலம் நின்றது என்று யாரும் சொல்வதில்லை. நிரம்பி, வற்றி, மறுபடி நிரம்பி என்று பல ஏரிகள். ஒவ்வொன்றும் நூறு முதல் பத்தாயிரம் ஆண்டு. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் முதல் ஒரு கோடி ஆண்டு வரை என்பது 2015இல் ரோவர் குழு கொடுத்த மதிப்பீடு. இரண்டு எண்ணுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு இடைவெளி! பள்ளம் படிவால் நிறைந்தபின், காற்று கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓரங்களை அரித்து எடுத்துப்போக, நடுவில் மிஞ்சியதுதான் மலை. ஏரியின் அடித்தளம் இன்று மலையாக நிற்கிறது.

காற்று இந்த ஏடுகளைப் படிய வைத்திருக்காதா என்பது நியாயமான சந்தேகம். அதே மலைச்சரிவில் முர்ரேவுக்கு மேலே ஸ்டிம்சன் என்ற மணற்கல் இருக்கிறது. அது காற்று குவித்த பழைய மணற்குன்றுதான் என்று அதே குழுதான் எழுதியது. அடுக்குகள் பெரிதாக வளைந்து ஒன்றையொன்று வெட்டுகின்றன. துகள்கள் உருண்டையாகவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகவும் இருக்கின்றன. எதைப் பார்த்தாலும் தண்ணீர் என்று சொல்கிற கூட்டம் இல்லை இது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

சரி, அடியில் சேறு உட்கார்ந்ததை நிரூபித்தாயிற்று. மேற்பரப்பு? ஏரியின் மேல் தடித்த பனிக்கட்டி மூடியிருந்து, அதற்கு அடியில் தண்ணீர் நின்றிருந்தாலும் சேறு இப்படியே படியும். பல ஆண்டுகளாக இதில்தான் இழுபறி. அந்தக் காலத்துச் சூரியன் இன்றைய ஒளியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் தந்தது. செவ்வாயோ பூமியைவிட ஒன்றரை மடங்கு தூரத்தில். காலநிலைக் கணக்குப் போடுகிறவர்கள் எப்படிப் போட்டாலும் விடை உறைபனிக்குக் கீழேயே வந்தது. கல் படிப்பவர்கள் "ஏரி இருந்தது" என்கிறார்கள், காற்று படிப்பவர்கள் "இருக்க முடியாது" என்கிறார்கள். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்.

இந்த வழக்கில் கடைசியாக வந்த சாட்சி ஆறு மில்லிமீட்டர் உயரம்.

தண்ணீருக்கு அடியில் மணல் அலை அலையாக வரி விழும். ஆற்றில் விழும் வரியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தண்ணீர் வரும் பக்கம் சாய்வாக நீண்டிருக்கும், போகும் பக்கம் செங்குத்தாக விழும். காற்றில் குவியும் மணலும் இதே வகைதான். ஒரே திசையில் தள்ளுகிற எதுவும் இப்படித்தான் செய்யும். நிற்கிற தண்ணீரில் அலை அடித்தால் கதை வேறு. தண்ணீர் முன்னும் போகும் பின்னும் வரும். அடியிலிருக்கும் மணல் இரு பக்கமும் சமமாகத் தள்ளப்பட்டு, இரண்டு சரிவும் ஒன்றுபோல இருக்கும். முகடு கூராக நிற்கும். கியூரியாசிட்டி மலைச்சரிவில் கண்ட வரிகள் இந்த இரண்டாவது வகை. அவற்றில் ஒரு தொகுதி கிடைத்த இடமும் வேடிக்கையானது. உப்பு நிறைந்த, வறண்ட காலத்துப் படிவு என்று நினைத்த மேல் அடுக்குகளில், குறியீட்டு அடுக்கு என்று அவர்கள் அழைக்கும் ஒரு கெட்டியான கல்வரிசையில் இருந்தன. 2023 பிப்ரவரியில் நாசா அறிவித்தபோது, அதுவரை கண்டதிலேயே மிகத் தெளிவான அலைத்தடம் இதுதான் என்றது. ஏரி இருந்திருக்க வாய்ப்பே குறைவு என்று நினைத்த இடத்தில்!

2025இல் இந்த வரிகளை அளந்து வெளியிட்டார்கள். உயரம் சுமார் 6 மி.மீ., ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 முதல் 5 செ.மீ. அலை பெரிதாக இருந்தால், தண்ணீர் ஆழமாக இருந்தால், வரிகளின் இடைவெளி அதிகரிக்கும். இந்த அளவுக்குக் கணக்குப் போட்டால், ஏரியின் ஆழம் 2 மீட்டருக்குக் குறைவு, அலைகளும் சிறியவை. அலை எழும்ப வேண்டுமென்றால் காற்று தண்ணீரை நேரடியாகத் தொட வேண்டும். பனிக்கட்டி மூடியிருந்தால் முடியாது. ஆக, சுமார் 370 கோடி ஆண்டுகளுக்கு முன், குறைந்தபட்சம் அந்த வரிகள் உண்டான காலத்திலாவது, செவ்வாயில் திறந்த தண்ணீர் வெயிலில் கிடந்திருக்கிறது. அதை உடனே கொதிக்கவோ உறையவோ விடாத அளவுக்குக் காற்றழுத்தமும் இருந்திருக்கிறது. இன்றைய அழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. "இருக்க முடியாது" என்ற பக்கம் இப்போது, எப்படி இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஏரி வற்றியதற்கும் சாட்சி உண்டு. ஓல்ட் சோக்கர் என்ற ஒரு மீட்டரைவிடச் சற்றுப் பெரிய கல் பலகையில், காய்ந்த குளத்தின் தரையில் விழும் வெடிப்பு அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. வெடிப்புக்குள் பிறகு மணல் நிரம்பி, அது சுற்றியுள்ள கல்லைவிடக் கெட்டியாகி, இன்று சின்ன வரப்புகளாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. இதைவிடச் சுவையானது 2023இல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பு. சேறு ஒரே ஒருமுறை காய்ந்தால் ஒரு வெடிப்பு முதலில் விழும், அடுத்தது அதில் போய் நேராக முட்டி நிற்கும். சந்திப்புகள் செங்கோணமாக இருக்கும். மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து, மறுபடி நனைந்தால், ஒவ்வொரு முறையும் சந்திப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் மூன்று வெடிப்புகள் சம கோணத்தில் சந்திக்கும். தரை தேன்கூடு போல அறுகோணமாகிவிடும். கியூரியாசிட்டி கண்டது தேன்கூடு. சென்டிமீட்டர் கணக்கில் சின்னச் சின்ன அறுகோணங்கள், ஓரங்களில் உப்பு. ஒருமுறை வந்து போன வெள்ளமாக இருந்தால் இது கிடைக்காது. மழைக்காலம், கோடை போன்ற ஏதோ ஒரு சுழற்சி நெடுங்காலம் நடந்திருக்கிறது.

ஜெசிரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கேலில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. சில ஸ்லாவிய மொழிகளில் "ஜெசிரோ" என்றால் ஏரி என்றே பொருள். சுமார் 45 கி.மீ. அகலமுள்ள பள்ளம்; உள்ளே வரும் ஆற்றுத்தடம் உண்டு, வெளியேறும் தடமும் உண்டு, வாயில் விசிறிபோல விரிந்த டெல்டாவும் மேலிருந்தே தெரியும். பெர்சிவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரி 18இல் இறங்கியது. அடித்தளத்தைத் தோண்டினால் ஏரிச்சேறு இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். மறுபடி குசேவ் கதை: கிடைத்தது எரிமலைப் பாறை. ஆனால் இந்த முறை, 2 கி.மீ.க்குச் சற்று அப்பால், டெல்டாவிலிருந்து அரிபட்டுத் தனித்து நின்ற கோடியாக் என்ற குன்று காப்பாற்றியது. அதன் வெட்டுமுகத்தை நீள்பார்வைக் கேமராவில் எடுத்தபோது, கீழே கிடைமட்ட அடுக்கு, நடுவே சாய்ந்த அடுக்கு, மேலே மீண்டும் கிடைமட்ட அடுக்கு. டெல்டா என்றால் பாடநூலில் போடும் படம் இதுதான். சாய்வு முடிந்து மேல் அடுக்கு தொடங்கும் கோடு ஏரியின் நீர்மட்டத்தைக் காட்டும். அது, வெளியேறும் வாய்க்கால் இருந்த உயரத்தைவிடச் சுமார் 100 மீட்டர் கீழே இருந்தது. ஒருகாலத்தில் விளிம்புவரை நிறைந்து வழிந்த ஏரி, கோடியாக் உண்டான காலத்தில் நூறு மீட்டர் வற்றி, வழிய இடமில்லாமல் நின்றிருக்கிறது. டெல்டாவின் உச்சியில் ஒரு மீட்டருக்கும் பெரிய பாறாங்கற்கள் கிடக்கின்றன. கடைசிக் காலத்தில் ஆறு சாதுவாக வரவில்லை, வெள்ளமாக வந்தது. தரையை ஊடுருவும் ரேடாரும் பின்னர், 2024இல் வெளியான முடிவில், அடியில் படிவு அடுக்குகள் இருப்பதைக் காட்டியது.

உங்கள் கேள்வியில் "அடித்துச் சொல்கிறார்கள்" என்று இருந்தது. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லவில்லை. கேலில் ஏரி இருந்தது அடிமட்டத்தில் மட்டும்தான், மலையின் பெரும்பகுதி காற்று கொட்டிய தூசியும் சாம்பலும் என்று 2021இல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதன்பின் மேலடுக்கில் அலைத்தடம் கிடைத்தது அவர்களுக்குச் சங்கடம்தான். ஆனாலும் மொத்த 5 கி.மீ. மலையும் ஏரிப் படிவு என்று யாரும் சொல்லவில்லை. வடபாதியில் பெருங்கடல் இருந்ததா என்பது இன்னும் கொழுந்துவிட்டெரியும் சண்டை. கரைக்கோடு என்று வரைந்தவை ஒரே மட்டத்தில் இல்லை, சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் ஏறி இறங்குகின்றன. 2018இல் தென்துருவப் பனிக்கு அடியில், ஒன்றரைக் கி.மீ. ஆழத்தில், இன்றும் திரவ ஏரி இருப்பதாக ரேடார் காட்டியது என்ற செய்தி வந்தது. அந்தப் பிரகாசமான எதிரொலியைக் களிமண்ணும் தரும் என்று பிறகு காட்டினார்கள். அதில் நான் பணம் கட்ட மாட்டேன்.

பழைய வாதம் ஒன்று இப்போது தளர்ந்திருக்கிறது. ஏரியைத் திரவமாக வைத்திருக்கும் அளவுக்குக் கரியமில வாயு இருந்திருந்தால், அது தண்ணீரில் கரைந்து கார்பனேட் கல்லாகப் படிந்திருக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்த கருவிகளுக்கு அது அதிகம் தெரியவில்லை. 2025இல் கேலின் துளைத்தூள்களில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட், எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பது வெளியானது. மற்ற உப்புகள் அதை மேலிருந்து மறைத்திருந்தன. முழு விடை இல்லை, ஆனால் தொலைந்த பொருளில் ஒரு பகுதி கிடைத்தது. மீதிக் காற்றில் பெரும்பங்கு விண்வெளிக்குப் போயிற்று. மேவன் விண்கலம் ஆர்கான் வாயுவின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் வகைகளை, அளந்து, செவ்வாயின் ஆர்கானில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அப்படித் தப்பியிருப்பதைக் கணித்தது.

கடைசியாக வயது. "370 கோடி ஆண்டு" என்று நானும் மேலே எழுதினேன். அது கல்லைச் சோதித்து வந்த எண் அல்ல. ஒரு தரையில் எத்தனை விண்கல் பள்ளம் விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். அதிகம் விழுந்திருந்தால் பழைய தரை. எத்தனை பள்ளத்துக்கு எத்தனை ஆண்டு என்ற விகிதம், அப்பல்லோ வீரர்கள் நிலவிலிருந்து கொண்டுவந்த கற்களின் வயதைச் செவ்வாய்க்கு ஏற்றபடி திருத்திப் போட்டது. யெல்லோநைஃபில் கம்பர்லாண்ட் என்ற களிக்கல்லுக்கு ரோவரே பொட்டாசியம், ஆர்கான் அளந்து வயது பார்த்தது. 421 கோடி ஆண்டு வந்தது, கூட்டியோ குறைத்தோ 35 கோடி. பள்ளத்தைவிட அதில் கிடக்கும் சேறு பழையதா என்று குழம்ப வேண்டாம். அது சேறு படிந்த நாள் அல்ல. அந்தத் துகள்கள் வந்த விளிம்புப் பாறை உறைந்த நாள். அதே கல் காற்றில் அரிபட்டு வெளியே தெரிய வந்து 7.8 கோடி ஆண்டுதான் ஆகிறது என்பதையும் அதே கருவி கணித்தது. ஏரி நின்ற நாள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அதை நேராக அளக்க, ஒரு கல் பூமியின் ஆய்வகத்துக்கு வர வேண்டும். பெர்சிவரன்ஸ் ஜெசிரோவில் எடுத்த மாதிரிகளில் பத்துக் குழாய்களை 2023 ஜனவரிக்குள் த்ரீ ஃபோர்க்ஸ் என்ற இடத்தில் தரையில் வரிசையாக வைத்துவிட்டது. மற்றவை ரோவரின் வயிற்றில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஏரிக்கு வந்த ஆற்றின் பழைய படுகையில், சிறுத்தைப் புள்ளி போன்ற கறைகள் கொண்ட செயாவா ஃபால்ஸ் என்ற கல்லிலிருந்து 2024இல் எடுத்தது. உயிர் விட்டுப்போன அடையாளமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் எழுதினார்களே, அந்தக் கல்.